தெர்மோஸ்டாட்டைப் பூட்டினோம், நம்பர் மறந்துவிட்டது

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீடு. 78 வயது மாமியாரின் அறையில் ஆயில் ஹீட்டரும், அதன் சூட்டை நேரம் குறித்துக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட்டும் இருக்கின்றன. பிள்ளைகள் சூட்டை 30-க்கு ஏற்றிவிடுகிறார்கள் என்று கணவர் நாலு இலக்க நம்பர் போட்டுப் பூட்டினார். இப்போது நம்பர் யாருக்கும் நினைவில்லை. திரையில் 16 டிகிரி என்றே நிற்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, ஏற்காடு

பதில்: சகோதரி, முதலில் இன்று ராத்திரி அத்தை குளிரில் படுக்கக் கூடாது. ஹீட்டர் பிளக்கை தெர்மோஸ்டாட்டோடு சேராத வேறொரு 16 ஆம்பியர் பாயின்ட்டில் செருகுங்கள். ஹீட்டரிலேயே சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கும், அதை நடுவில் வையுங்கள். பூட்டை நாளை பகலில் பார்க்கலாம்.

எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் கரண்டைத் துண்டிக்கிற சுவிட்சை) அணைத்துப் போட்டால் பூட்டு விட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். விடாது. கரண்ட் போனாலும் அழியாத மெமரியில்தான் அந்த நம்பர் இருக்கிறது. தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்க்கவும் வேண்டாம், சில மாடல்கள் தப்பு நம்பர் கூடினால் கொஞ்ச நேரம் எதையுமே ஏற்காது. கூடவே வந்த புத்தகத்தில் கம்பெனி வைத்த நம்பர் இருக்கிறதா பாருங்கள். கணவர் நம்பரை மாற்றாமலே பூட்டியிருக்கலாம். வைஃபை மாடல் என்றால், முதலில் யார் போனில் பதிவு செய்தாரோ அவர் ஆப்பில் பூட்டை எடுக்க முடிகிறதா என்று பார்க்கட்டும்.

இரண்டும் ஆகாவிட்டால் ஃபேக்டரி ரீசெட்தான், அதாவது கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே திருப்புவது. எந்தப் பட்டன், எத்தனை விநாடி என்பது மாடலுக்கு மாடல் மாறும், புத்தகத்தைப் பார்த்தே செய்யுங்கள். நீங்கள் வைத்த காலை, இரவு நேரமெல்லாம் அதில் அழிந்துவிடும். சிலவற்றில் ரீசெட் ஆனதும் தரைக்கடியில் பதிக்கிற, சூட்டை அளக்கும் சென்சாரைத் தேடிப் பிழை காட்டும். மெனுவில் அறை சென்சாருக்கு மாற்றினால் சரியாகிவிடும். மூடியை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள். உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், திரும்பப் பூட்டலாமா என்றால், முழுசாகப் பூட்ட வேண்டாம் என்பேன். போன தை மாதம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஒரு வீட்டுக்குப் போனேன். பெரியவர் ஸ்வெட்டர் மேல் கம்பளியும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் 15 டிகிரி, பக்கத்தில் சின்னதாகப் பூட்டுப் படம். நம்பர் பெங்களூரில் இருக்கிற மகனுக்குத்தான் தெரியும். போனில் கேட்டு இரண்டே நிமிஷத்தில் திறந்தேன். பெரியவர் என்னிடம், “என் ரூம்ல நான் சூடா இருக்கறதுக்கு யார்கிட்டங்க சாவி கேக்கணும்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பல மாடல்களில் எல்லை மட்டும் வைக்கிற வசதி உண்டு. கீழே 18, மேலே 24 என்று வையுங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2018-ல் சொல்லியிருக்கிறது, வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படலாம். அந்த எல்லைக்குள் அத்தை இஷ்டம்போல் கூட்டிக் குறைக்கட்டும்.

பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். 30 வைத்தால் அறை சீக்கிரம் சூடாகாது. 2000 வாட் ஹீட்டர் 22-லும் அதே 2000 வாட்தான் தரும், எப்போது நிறுத்துவது என்பதை மட்டும்தான் அந்த நம்பர் சொல்கிறது. நிற்காமல் ஓடினால் மணிக்கு 2 யூனிட். புரிந்துகொண்டால் கை வைக்க மாட்டார்கள், என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

புது நம்பரை எம்.சி.பி. பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுங்கள். அத்தையிடமும் சொல்லி வையுங்கள்.