நானோ கிறீம்: கேட்டவையும் சொன்னவையும்

கிளிநொச்சியில் மருந்துக்கடை நடத்துகிற எனக்கு இந்தக் கோடையில் வந்த கேள்விகள் இவை.

அக்கா, நான் ஆசிரியை. முன்பு பூசின சன்ஸ்கிறீன் சாம்பல் அப்பினது மாதிரித் தெரியும். இப்போது வாங்கினது தெரியவே இல்லை. நானோவாம். வெயிலைத் தடுக்குமா?

தடுக்கும் தங்கச்சி. தெரியாமல் இருக்கத்தான் நானோ, அதாவது மிக நுண்ணிய துகள். டைட்டானியம் டை ஆக்சைட்டும் சிங்க் ஆக்சைட்டும் வெள்ளைத் தூள்கள். சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டில் இருப்பதும் அந்த டைட்டானியம்தான். துகள் பெரிதென்றால் வெளிச்சத்தைத் திருப்பியடித்து நம் நிறத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். 100 நானோமீற்றருக்குக் கீழே போனால் (ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000) வெளிச்சம் ஊடே போய்விடும், புற ஊதாக் கதிர் மாட்டிக்கொள்ளும். ஒரு குறை: டைட்டானியத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க, புற ஊதாவில் ஒரு வகையான யூவிஏ கதிரைப் பிடிப்பது குறையும். அதனால் சிங்க்கும் சேர்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். பொட்டுப் போலத் தொட்டுப் பூசிவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

கொக்கிளாய், புல்மோட்டைக் கரையில் கால் சுடுகிற கறுப்பு மணல் இருக்கிறதே, இல்மனைட், அதிலிருந்தும் டைட்டானியம் எடுக்கலாம். நம்முடைய மணல் கப்பலேறிப் போகிறது. கிறீமை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

முல்லைத்தீவிலிருந்து: இவர் கடலுக்குப் போகும்போது பூசுகிறார். அவ்வளவு சின்னத் துகள் இரத்தத்தில் கலக்காதா?

காயமில்லாத தோலில் அது மேலே இருக்கிற செத்த செல் அடுக்கோடு நின்றுவிடுகிறது. வெயிலில் டைட்டானியம் தோலை உறுத்தாமலிருக்கத் துகளுக்குச் சிலிக்காவோ அலுமினாவோ பூசுவார்கள். வலை அறுத்த கையில், வெடித்த உதட்டில் பூசவேண்டாம். ஸ்பிறே வேண்டவே வேண்டாம். பயம் தோலுக்கில்லை, நுரையீரலுக்கு. நுரையீரலுக்குள் போகக்கூடிய ஸ்பிறேயில் நானோ டைட்டானியம் சேர்க்க ஐரோப்பாவில் அனுமதியில்லை. 2013 முதல் அங்கே சேர்மானப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ‘நானோ’ என்றும் போட வேண்டும்.

விற்றமின் கிறீமில் ‘லைபோசோம்’ என்று போட்டிருக்கிறதே அண்ணா, புதுசா?

இல்லை தம்பி. மருந்தைச் சுமக்கிற நுண்ணிய கொழுப்புக் குமிழிதான். டியோர் என்கிற பிரெஞ்சு அழகுப்பொருள் கம்பனி 1986இலேயே அப்படியொரு கிறீம் விட்டது. அப்புறம், நான் அண்ணா இல்லை, அக்கா.

வவுனியாவில் ‘நானோ வைற்றனிங்’ என்று ஒன்று வாங்கினேன். பத்து நாளில் வெளுத்துவிட்டேன். ஆனால் பூசமுன் நகையைக் கழற்றச் சொல்லி எழுதியிருக்கிறது.

பிள்ளை, உடனே நிறுத்துங்கள். அந்த எச்சரிக்கை பாதரசத்துக்கு எழுதுவது. பாதரசம் பட்டால் பொன் வெளிறிப்போகும், அதுதான் கழற்றச் சொல்கிறான். நானோ என்பது பெட்டியில் ஒட்டிய பெயர். பாதரசம் தோல் வழியாகப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டில் குழந்தை கன்னத்தோடு கன்னம் வைத்தால் அதற்கும் ஒட்டும். கிறீமை எறியாமல் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிச் சிறுநீர் சோதிக்கக் கேளுங்கள். தலையணை உறையையும் மாற்றிவிடுங்கள்.