சின்னச் செம்புத் துண்டுகளை இணைக்க எது சரி: சால்டரா, பிரேசிங்கா, பசையா?

செம்புத் தகட்டில் இலைகள் வெட்டி, செம்புக் கம்பியில் பொருத்தி, சுவரில் மாட்ட ஒரு கொடி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். தகடு அரை மில்லிமீட்டர், கம்பி 2 மில்லிமீட்டர். சால்டர் (குறைந்த சூட்டில் உருகும் வெள்ளீயக் கலவை) வைப்பதா, பிரேசிங் (அதிகச் சூட்டில் உருகும் உலோக ராடால் இணைப்பது) செய்வதா, அரால்டைட் என்ற எபாக்ஸிப் பசை போதுமா என்பது கேள்வி.

சால்டர் வையுங்கள்.

சுவரில் தொங்கும் பொருளுக்குப் பெரிய பலம் வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது கம்பியின் விறைப்பு. பிரேசிங்குக்கு ஏசி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் செம்பு-பாஸ்பரஸ் ராடு உருகி ஓட 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் செம்பு சிவந்துவிடும். ஒருமுறை சிவந்த கம்பி ஆறிய பிறகு விரலால் தொட்டாலே வளையும். தண்ணீரில் முக்கினாலும் விறைப்பு திரும்பாது, முக்கினால் விறைப்பது எஃகின் குணம். அடித்தோ முறுக்கியோதான் செம்பைக் கெட்டிப்படுத்த முடியும். இலையெல்லாம் வைத்து முடித்த கொடியை எப்படி அடிப்பீர்கள்? சால்டருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. 63/37 வெள்ளீய-காரீயக் கலவை 183 டிகிரியிலும், காரீயம் இல்லாத வெள்ளீய-செம்புக் கலவை 227 டிகிரியிலும் உருகிவிடும்.

ஆனால் இலைக் காம்பை முனையோடு முனை வைத்து ஒட்டாதீர்கள், நிற்காது. காம்பைக் கொஞ்சம் நீளமாக வெட்டி, கம்பியைச் சுற்றித் தழுவும்படி மடித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே 0.1 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் சால்டர் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளப்படும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் இளஞ்சிவப்பு தெரியும்வரை தேய்த்து, அதன்பின் விரல் படாமல் உடனே பிளக்ஸ் (சால்டர் ஒட்டுவதற்காக உலோகத்தைச் சுத்தமாக வைக்கும் பூச்சு) தடவுங்கள்.

அடுத்தது சூடு. பெரும்பாலான இணைப்புகள் கெடுவது இங்கேதான். செம்பு சூட்டை வேகமாகக் கடத்துவதால், 25 வாட் சால்டரிங் அயர்ன் வைத்தால் அத்தனை சூடும் கம்பியோடு போய்விடும். 60 முதல் 100 வாட் அயர்ன் அல்லது சின்ன பியூட்டேன் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். அயர்ன் முனையில் சால்டரை உருக்கி மேலே அப்பினால் அது முத்து முத்தாக உட்கார்ந்து பிறகு உதிரும். உருக்க வேண்டியது செம்பின் சூடு. அயர்ன் ஒரு பக்கம், சால்டரின் நுனி எதிர்ப்பக்கம். பிளக்ஸ் பொங்கி அடங்கியதும் நுனியால் தொட்டுப் பாருங்கள். சரியான சூடு என்றால் சால்டர் சட்டென்று வெள்ளியாக மின்னி, மடிப்புக்குள் ஓடி மறையும். உடனே அயர்னை எடுத்துவிட்டு, உறையும்வரை அசைக்காமல் பிடித்திருங்கள். சால்டர் வெளுப்பாகத் தெரியும் என்பதால் பின்பக்கத்திலிருந்தே கொடுங்கள். பக்கத்து இலை கழன்றுவிடும் என்று பயமாக இருந்தால் அதன்மேல் ஈரத்துணி சுற்றினால் போதும்.

அமில பிளக்ஸ் போட்டிருந்தால் அன்றைக்கே வெந்நீரில் நன்றாகக் கழுவுங்கள். மிச்சம் இருந்தால் பச்சைக் களிம்பு பூத்துவிடும்.

பிரேசிங் எப்போது? பாத்திரத்தின் கைப்பிடி மாதிரி இழுவையும் சூடும் தாங்க வேண்டிய இடத்தில். செம்போடு செம்பு என்றால் பாஸ்பரஸ் ராடுக்கு பிளக்ஸே வேண்டாம், பித்தளை சேர்ந்தால் வேண்டும். இரும்பு அல்லது எஃகு சேர்ந்தால் அந்த ராடைத் தொடவே தொடாதீர்கள், இணைப்பு நொறுங்கிப்போகும். வெள்ளி ராடு வாங்கினால் காட்மியம் இல்லாததா என்று கட்டாயம் பாருங்கள், அந்தப் புகை உயிருக்கே ஆபத்து. அப்புறம், குடிக்கிற, சமைக்கிற பாத்திரம் எதிலும் காரீயம் கலந்த சால்டர் கூடவே கூடாது.

பசையை நான் ஒதுக்கவில்லை. செம்பை மரத்திலோ கல்லிலோ கண்ணாடியிலோ பதிக்க எபாக்ஸிதான் சரி. இரு பக்கத்தையும் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காயவிட்டால் அகலமான பரப்பை நன்றாகப் பிடிக்கும். அது தோற்பது உரிபடும்போது. உங்கள் இலையின் ஓரத்தில் துணி மாட்டி இழுத்தால் காம்போடு பெயர்ந்து வந்துவிடும். சூப்பர் க்ளூ இன்னும் மோசம். இலைகளைப் பொசிஷன் மாறாமல் நிறுத்தத்தான் பசை நினைத்தீர்கள் என்றால், மெல்லிய இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு சால்டர் வையுங்கள், ஆறியதும் கட்டை அவிழ்த்துவிடலாம்.