பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி மாற்றும் முன்பு

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து செங்கம் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் படித்து, பத்தாம் வகுப்பில் 500-க்கு 441 வாங்கியிருக்கிறாள். அந்தப் பள்ளியில் பத்தோடு முடிகிறது. இப்போது ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீடு தேடி வந்து, "பாதி ஃபீஸ் கட்டினால் போதும், நீட் கோச்சிங்கும் சேர்த்து நடத்துகிறோம்" என்கிறார்கள். அந்தப் பாதியே வருஷத்துக்கு 60,000 ரூபாய். உங்கள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், நீங்கள் தையல் வேலை பார்க்கிறீர்கள், கழுத்தில் இருப்பதை அடகு வைத்தால் முதல் வருஷத்தைச் சமாளிக்கலாம், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் அம்மா. நகையும் வீட்டில் இருக்கட்டும், பிள்ளையும் அரசுப் பள்ளியிலேயே தொடரட்டும். 60,000 ரூபாய் மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தத் தனியார் பள்ளியில் சேர்த்தால் நீங்கள் கட்டும் பணத்தைவிடப் பெரிய ஒன்றை இழப்பீர்கள். வீட்டுக்கு வந்தவர்கள் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதற்காக இருக்கிற பெரிய உதவிகள் எல்லாவற்றிலும் ஒரே நிபந்தனை திரும்பத் திரும்ப வரும்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஏழு வருஷமும். உங்கள் மகள் ஐந்து வருஷத்தைத் தாண்டிவிட்டாள், இன்னும் இரண்டுதான் பாக்கி. இப்போது தனியார் பள்ளிக்கு மாற்றினால் கடந்த ஐந்து வருஷமும் கணக்கில் வராமல் போய்விடும்.

முதலில், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கென்றே இடம் ஒதுக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவப் படிப்புக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் சட்டமானது. நீட் எழுதுகிற பிள்ளை இந்த ஒதுக்கீட்டில் போட்டி போடும்போது, சென்னையில் இரண்டு வருஷம் லட்சக்கணக்கில் கட்டிக் கோச்சிங் போன பிள்ளையோடு போட்டியில்லை. தன்னைப் போலவே அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களோடு மட்டும்தான். அதே மதிப்பெண்ணுக்குப் பொதுப் பட்டியலில் கிடைக்காத இடம் இங்கே கிடைக்கும். பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. தனியார் பள்ளியில் நீட் கோச்சிங் எவ்வளவு நன்றாக நடந்தாலும், அதனால் கூடுகிற மதிப்பெண் பெரும்பாலும் இந்த ஒதுக்கீட்டை இழப்பதை ஈடு செய்வதில்லை. பல வருஷமாகப் பார்த்துச் சொல்கிறேன்.

அடுத்தது புதுமைப் பெண் திட்டம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 செப்டம்பரில் தொடங்கியது. கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது. மூன்று வருஷப் பட்டப்படிப்பு என்று வைத்துக்கொண்டால் 36,000 ரூபாய். பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று பிள்ளை உங்களிடம் கை நீட்டக் கூச்சப்படுகிற செலவெல்லாம் இதில் அடங்கிவிடும். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டிலிருந்து இதே தொகை உண்டு. ஏழாம் வகுப்பு படிக்கிற உங்கள் கடைக்குட்டிக்காக இதையும் நினைவில் வையுங்கள். இந்த இரண்டும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. ஆனால் 7.5 சதவீதம் உதவி பெறும் பள்ளிகளுக்குக் கிடையாது. இந்த விதிகளைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

போன வருஷம் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். பையன் எட்டாம் வகுப்பு மட்டும் மாமா வீட்டில் தங்கி ஒரு தனியார் பள்ளியில் படித்திருக்கிறான். மீதி ஆறு வருஷமும் அரசுப் பள்ளிதான். நல்ல கட்-ஆஃப் (கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கிடுகிற மதிப்பெண்). ஆனால் படிப்புச் சான்று வாங்கும்போது அந்த ஒரு வருஷம் குறுக்கே நின்றது. அவர் என் மேஜை முன்னால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணியதை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. அந்தப் பையன் அப்படிச் சேர்ந்தவன் இல்லை.)

"அதெல்லாம் சரி, அரசுப் பள்ளியில் கோச்சிங் எங்கே?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். எல்லா அரசுப் பள்ளியும் ஒரே மாதிரி இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாமல் அரையாண்டு வரை ஓட்டுகிற பள்ளிகளும் இருக்கின்றன. அதனால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு பள்ளியில் சேர்த்துவிடாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள இரண்டு மூன்று அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு நேரில் போய்க் கேளுங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்குக்கும் முதுநிலை ஆசிரியர்கள் இருக்கிறார்களா, போன வருஷம் பிளஸ் டூ முடித்தவர்கள் எங்கெங்கே சேர்ந்தார்கள் என்று தலைமையாசிரியரிடமே கேட்கலாம். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். சொல்ல விருப்பமுள்ள தலைமையாசிரியர் பட்டியலையே எடுத்துக் காட்டுவார்.

இன்னொரு வழி உங்கள் மாவட்ட அரசு மாதிரிப் பள்ளி. விடுதியோடு சேர்ந்தது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மருத்துவம் மட்டுமல்ல, சட்டப் பல்கலைக்கழகம், ஆடை வடிவமைப்பு, கட்டிடக்கலை போன்ற நுழைவுத் தேர்வுகளுக்கும் அங்கே தயார் செய்கிறார்கள். எல்லாம் அரசுச் செலவு. அதுவும் அரசுப் பள்ளிதான் என்பதால் ஏழு வருஷக் கணக்கு அறுபடாது. அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி., எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் இடம் பிடிக்கிற பிள்ளையின் இளநிலைப் படிப்புச் செலவை ஏற்கவும் தமிழ்நாடு அரசு 2022-ல் அறிவித்தது. மகளின் பள்ளித் தலைமையாசிரியரிடம் மாதிரிப் பள்ளித் தேர்வு எப்படி, இப்போது இடம் உண்டா என்று கேளுங்கள். பெண் பிள்ளையை விடுதியில் விடத் தயக்கமாக இருந்தால் ஒரு நாள் நீங்களே போய் அறையையும் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்காமலேயே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

எங்கே சேர்த்தாலும் கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பாக இருந்தால் நல்லது. நீட் கைகொடுக்காவிட்டால் பொறியியல் வாசல் திறந்திருக்கும். பொறியியலுக்கு 2007-லிருந்து நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கட்-ஆஃப் போடுகிறார்கள். கணிதம் இல்லாத குரூப் எடுத்த பிறகு, நீட் வரவில்லை, இனி என்ன என்று கேட்டு வருகிறவர்கள்தான் என்னிடம் அதிகம். பிள்ளைக்குக் கணிதம் உண்மையிலேயே சிரமம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

பிளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு வரும். 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தைத்தான் கேட்பார்கள், உங்கள் மகள் தமிழில் 96 வாங்கியிருக்கிறாள். பழைய தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடைக்குட்டிக்கு அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறனறித் தேர்வு. தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், அதை மறந்து பணத்தை விட்டவர்கள் உண்டு.

இப்போது காகித வேலைக்கு வருகிறேன். அம்மா, பணம் இல்லாமல் படிப்பு நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். பணம் இருந்தும் ஒரு சான்றிதழ் இல்லாமல் நின்றவர்களையும் அதே அளவுக்குத் தெரியும். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீஸிலும் இ-சேவை மையத்திலும் கால் வைக்க இடம் இருக்காது. இந்த இரண்டு வருஷத்துக்குள் நிதானமாகச் சேர்த்து வையுங்கள்.

முதலில் பெயர். ஆதாரில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு மாதிரி, இனிஷியல் முன்னால் பின்னால் என்று இருந்தால் இப்போதே ஆதாரைத் திருத்துங்கள்.

முதல் பட்டதாரிச் சான்று உங்கள் வீட்டுக்குக் கிடைக்கும். மூத்த மகன் ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் வேலை பார்க்கிறான் என்பதால் கிடைக்காதோ என்று பயந்து எழுதியிருந்தீர்கள். ஐ.டி.ஐ. பட்டம் இல்லை. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் சரி. இதற்குச் சாதிக் கணக்கும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. ஆனால் கலந்தாய்வு மூலம் சேர்ந்தால்தான் கட்டணச் சலுகை. கல்லூரி நிர்வாகமே நேரடியாக நிரப்புகிற மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. ரிசல்ட் வந்த மறுநாளே "இப்போதே சேர்ந்தால் பத்தாயிரம் தள்ளுபடி" என்று ஏஜென்ட் ஒருவர் வருவார். கலந்தாய்வு முடியும்வரை யாரிடமும் அட்வான்ஸும் கொடுக்காதீர்கள், அசல் சான்றிதழும் கொடுக்காதீர்கள்.

சாதிச் சான்று உங்களிடம் இருப்பது மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்று மாநில அரசு படிவத்தில். தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு அது போதும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. அல்லது நீட்டின் அகில இந்திய ஒதுக்கீடு என்றால் மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று தனியாக வேண்டும். சேர்கிற வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இது இல்லாமல் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிட்டு வருகிற பிள்ளையைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது. உங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் பையனுக்கும் கேட்டிருந்தீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அதுவும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது என்று அந்த அக்காவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இங்கேதான் நிறையச் சிக்கல் வருகிறது. பள்ளியில் ஒரு கணக்கு, கல்லூரியில் இன்னொன்று என்று திறப்பார்கள். உதவித்தொகை எந்தக் கணக்கு கடைசியாக ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போய் விழும். பணம் வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்தில் ஒரு பெண் மூன்று மாதம் அலைந்தாள். பணமெல்லாம் அவள் மறந்தே போயிருந்த பழைய கணக்கில் கிடந்தது.

போன் நம்பரும் அப்படித்தான். விண்ணப்பம் போடும்போது பிரவுசிங் சென்டர்காரர் அவசரத்துக்குத் தன் நம்பரையே போட்டுவிடுவார். பிறகு கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்வு செய்கிற நேரத்தில் ஓ.டி.பி. அவருக்குப் போகும், அவர் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார். உங்கள் வீட்டில் மாறாத நம்பர் எது என்று முடிவு செய்து, ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதையாவது யாரிடமாவது கேட்க வேண்டுமென்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை. பிளஸ் டூ படிக்கும்போது அரசின் நான் முதல்வன் திட்டத்தில், அடுத்து என்ன படிக்கலாம் என்று வழிகாட்டுகிற கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடக்கும், மகளோடு நீங்களும் போங்கள். மதிப்பெண் நினைத்தபடி வராவிட்டாலும், எங்கும் விண்ணப்பிக்காமல் விட்டுப்போனவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்க்க உயர்வுக்குப் படி என்ற முகாம் நடத்துகிறார்கள். அரசுக் கலைக் கல்லூரியைக் குறைவாக நினைக்காதீர்கள். கட்டணம் மிகக் குறைவு, அங்கே சேர்ந்தாலும் புதுமைப் பெண் பணம் வரும். அஞ்சல் வழியில் படித்தால்தான் வராது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் ஆக வேண்டும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதும், சொந்தக்காரர்கள் சொல்வதும், தனியார் பள்ளிக்காரர்கள் சொன்னதும் எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்று ஒரு வரி இல்லை. திங்கட்கிழமை மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அங்கே படித்ததற்கான சான்றையும் கையோடு கேட்டு வாங்குங்கள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவளிடமே கேட்டுவிட்டு, அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள். எந்தப் பள்ளி, எந்த குரூப் என்று அதை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.