பாக்டீரியாவின் வால் பரிணாமத்தைப் பொய்யாக்குகிறதா?

'பாக்டீரியாவின் சுழலும் வாலில் ஒரு பாகம் குறைந்தாலும் அது ஓடாது; அப்படியானால் யாரோ வடிவமைத்ததுதானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். மைக்கேல் பீஹி என்ற உயிர்வேதியியலாளர் பரப்பிய வாதம் இது. அந்த வாலின் அடிப்பகுதியில் உள்ள சில புரதங்களுக்கு நெருங்கிய சொந்தமான புரதங்கள், சில நோய்க் கிருமிகளில் நச்சைச் செலுத்தும் ஊசிபோல வேலை செய்கின்றன. அந்த ஊசியில் வாலும் இல்லை, அதற்கு நீச்சல் வேலையும் இல்லை. ஆக, முழு வால் இல்லாவிட்டாலும் பாகங்களுக்கு வேறு பயன் உண்டு.

இந்த வாதம் நீதிமன்றமே ஏறியது. 2004-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் பள்ளி வாரியம், பரிணாமத்துக்கு மாற்றாக 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிர்களை ஏதோ ஓர் அறிவு வடிவமைத்தது என்ற கருத்து) இருப்பதாக மாணவர்களிடம் சொல்லச் சொன்னது. 11 பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள்.

வாரியம் கைகாட்டிய, அந்தக் கருத்தை முன்வைக்கும் 'ஆஃப் பாண்டாஸ் அண்ட் பீப்பிள்' என்ற நூலின் பழைய வரைவுகள் சாட்சியத்தில் வெளிவந்தன. எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிக்கச் சொல்லும் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் செல்லாது என்றது. அதன்பின் வந்த வரைவில் 'படைப்புவாதிகள்' போய் 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' வந்துவிட்டது. ஓரிடத்தில் அவசரமாக மாற்றியதில், பழைய ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் வால் எழுத்துகளும் புதிய சொற்களின் இருபக்கமும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. பெயர்தான் மாறியது, சரக்கு அதே படைப்புவாதம். சரி, இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

2005 டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்று தீர்ப்பளித்தார். அதற்குள் தேர்தலில் வாரியமே மாறியிருந்தது. புதியவர்கள் மேல்முறையீடு செய்யவில்லை.