மல்டிமீட்டரும் நோட்டும்: எம்பெடெட் செக்யூரிட்டி இன்டர்ன்ஷிப் கேள்வி பதில்

எம்பெடெட் கருவிகளின் (ரவுட்டர், கேமரா போல உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கும் கருவிகள்) பாதுகாப்பைச் சோதிக்கும் லேபுக்கு இன்டர்ன்ஷிப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, நான் ஈசிஈ. ஹேக்கிங் எதுவும் தெரியாது. எடுப்பார்களா?

எடுப்பார்கள். சர்க்கியூட் படிக்கத் தெரிந்தவருக்கு பைனரி (கம்பைல் ஆகி முடிந்த நிரல்) படிக்கச் சொல்லித்தருவது எனக்குச் சுலபம். சாஃப்ட்வேர் பக்கமிருந்து வருகிறவர்களிடம்தான் அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கிறது. சி மொழியை மட்டும் தேய்த்துவிட்டு வாருங்கள். பாயின்டர் பிடிபடாமல் பஃபர் ஓவர்ஃப்ளோ (ஒதுக்கிய நினைவகத்தைத் தாண்டி எழுதிவிடும் பிழை) பிடிபடாது.

முதல் வாரம் என்ன வேலை இருக்கும்?

திருப்புளி வேலை! பழைய ரவுட்டர் ஒன்றைக் கொடுத்துத் திறக்கச் சொல்வார்கள். போர்டில் மூன்று நான்கு துளைகள் வரிசையாக இருந்தால் யூஆர்ட் (கருவி தன் செய்திகளை வெளியே அனுப்பும் சீரியல் இணைப்பு) என்று சந்தேகப்படுங்கள். பவர் இல்லாதபோதே மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை வைத்து கிரவுண்டைப் பிடியுங்கள். பிறகு பவர் கொடுத்து மற்ற முனைகளை அளந்தால், பூட் ஆகும் சில நொடிகளில் ஒன்றில் மட்டும் அளவு நிலைகொள்ளாமல் ஆடும். அநேகமாக அதுதான் டிஎக்ஸ், போர்டு தகவல் அனுப்பும் முனை. கம்ப்யூட்டரில் செருகும் யூஎஸ்பி-சீரியல் அடாப்டரின் ஆர்எக்ஸை (தகவல் பெறும் முனை) அதில் மாட்டுங்கள், கிரவுண்டோடு கிரவுண்டைச் சேருங்கள். விசிசியை (பவர் முனை) தொடாதீர்கள், போர்டு தன் பவரிலேயே ஓடட்டும். வேகத்தை முதலில் 115200 பாட் என்று வைத்துப் பாருங்கள். திரையில் குப்பை எழுத்தாக வந்தால் வேகத்தை மாற்றுங்கள். சில கருவிகள் பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் ரூட் ஷெல்லை (முழு அதிகாரத்தோடு கட்டளை கொடுக்கும் இடம்) கையில் கொடுத்துவிடும்.

மாட்டுவதற்கு முன் வோல்டேஜை அளக்க மறக்காதீர்கள். 1.8 வோல்ட் ஃப்ளாஷ் சிப்புக்கு 3.3 கொடுத்துக் காலி செய்தவள் நான். அதில் இருந்த ஃபர்ம்வேருக்கு (கருவியை இயக்கும் மென்பொருள்) வேறு நகல் இல்லை.

மேடம், கிளிட்ச்சிங் (பவரையோ கிளாக்கையோ ஒரு கணம் குலைத்து சிப்பைத் தடுமாற வைப்பது) எல்லாம் கிடைக்குமா?

பக்கத்தில் நின்று பார்க்கலாம். முதலில் ஃபர்ம்வேரை பின்வாக் (Binwalk) என்ற கருவியில் பிரித்து, உள்ளே இருக்கும் பைனரியை கீட்ரா (Ghidra) என்ற கருவியில் படித்துப் பழகுங்கள்.

மூன்று மாதத்தில் ஒரு ஓட்டைகூடக் கிடைக்காவிட்டால்?

எல்லோருக்கும் இருக்கும் பயம் இது. 2016இல் மிராய் என்ற மால்வேர் லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்தது பெரிய வித்தையால் அல்ல, 60 சொச்சம் டிஃபால்ட் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளால். இணையத்தில் இணையும் நுகர்வோர் கருவிகளுக்கான ஈஎன் 303 645 என்ற ஐரோப்பியத் தரநிலையின் முதல் விதியே எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு கூடாது என்பதுதான். அதனால் சின்னச் சோதனை என்று எதையும் தாண்டிப் போகாதீர்கள். "ஜேடேக் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்று மட்டும் நோட்டில் எழுதினால் (ஜேடேக் என்பது சிப்பைச் சோதிக்கவும் டீபக் செய்யவும் உள்ள இணைப்பு) அடுத்து வருகிறவர் திரும்ப அதையே செய்வார். எந்த முனைகள், என்ன வோல்டேஜ், எந்தக் கருவி, என்ன பதில், ஒரு படம்: இப்படி எழுதினால் அந்த "இல்லை"யும் ஒரு முடிவுதான். ஓட்டை கண்டுபிடித்தவனைவிட நோட்டு ஒழுங்காக எழுதியவளை நான் மறுபடி கூப்பிட்டிருக்கிறேன்.

வீட்டுக் கேமராவில் பழகலாமா?

உங்கள் கேமரா என்றால் சரி. அது பேசும் கிளவுட் சர்வர் உங்களுடையது அல்ல. அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) இருக்கிறதே, ரெஸ்யூமில் என்ன போடுவது?

செய்த முறையைப் போடுங்கள், பொருளின் பெயர் வேண்டாம். "எஸ்பிஐ (SPI) ஃப்ளாஷ் சிப்பிலிருந்து ஃபர்ம்வேர் எடுத்து, அப்டேட்டின் கையொப்பச் சரிபார்ப்பைச் சோதித்தேன்" என்ற அளவு போதும். அதையும் உங்கள் மேலாளரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். போர்டு படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்த புண்ணியவானும் உண்டு. அவர் எங்களோடு இருந்தது ஒன்பது நாள்.