கதை வகுப்பில் கருத்து கேட்பதும் சொல்வதும்: கேள்வி பதில்

கோத்தகிரியில் இருந்துகொண்டு இணையத்தில் சிறுகதை வகுப்பு நடத்துகிறேன். நான் பாடம் நடத்துவது குறைவு. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துக் கருத்து சொல்வதுதான் வகுப்பே. அதைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்பச் சொல்லியிருந்தேன், வந்தவற்றுக்குப் பதில் இதோ.

குன்னூரிலிருந்து: அக்கா, எந்தக் கதையைப் போட்டாலும் "அருமை", "செம" என்றுதான் வருகிறது. இதை வைத்து என்ன திருத்துவது?

ஒன்றும் திருத்த முடியாது. ஆனால் "எப்படி இருக்கு?" என்று கேட்டால், விருந்துக்குப் போன வீட்டில் சொல்வதுபோல "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். கேள்வியை மாற்றுங்கள். எந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கத் தோன்றியது? எந்த வரியை இரண்டாம் தடவை படிக்க வேண்டியிருந்தது? இவற்றைக் கதைக்கு மேலேயே எழுதி அனுப்புங்கள். இதற்குப் பதில் சொல்ல யாரும் இலக்கியம் படித்திருக்க வேண்டியதில்லை, படிக்கும்போது தனக்குள் என்ன நடந்தது என்று சொன்னால் போதும்.

கூடலூரிலிருந்து: என் கதையில் ஜூலை மாதம், கூடலூரில் அடைமழை. நாயகி அதே நாளில் கோத்தகிரிக்கு அக்கா வீட்டுக்குப் போனால் அங்கே மொட்டைமாடியில் துணி காய்கிறது. மதுரைக்காரர் ஒருவர் இதைத் தப்பு என்று குறித்துவிட்டார்.

மழை விஷயத்தில் நீங்கள்தான் சரி. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் கொட்டித் தீர்க்கும், கிழக்கே இருக்கும் எங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். ஆனாலும் அவர் அந்த இடத்தில் இடறியது நிஜம், அதை ஒதுக்காதீர்கள். படிக்கிறவர் எங்கே நின்றார் என்பதில் பொய் இருக்காது. ஏன் நின்றார் என்று அவரே சொல்லும் காரணம் பல சமயம் தவறாக இருக்கும், எப்படி மாற்றலாம் என்று சொல்வது அவருடைய கதையாகிவிடும். மழையை எடுக்கவும் வேண்டாம், அடிக்குறிப்பும் வேண்டாம். கூடலூரில் ஈரக் குடையோடு பஸ் ஏறியவள் ஊட்டி தாண்டியதும் ஷட்டரைத் தூக்கிவிடுகிறாள் என்று ஒரு வரி போடுங்கள். மதுரைக்காரருக்கும் புரியும், நம்ம ஊர்க்காரருக்கும் பாடம் எடுத்த மாதிரி இருக்காது.

பந்தலூரிலிருந்து: பாட்டி இலங்கையிலிருந்து வந்த கதையை எழுதினேன். எல்லோரும் ஒப்பந்தத்தை விளக்கமாக எழுது என்கிறார்கள்.

இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்பதாகச் செய்துகொண்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், கப்பல், வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டத்தில் வேலை எல்லாம் உங்கள் வீட்டில் தினசரிப் பேச்சு, சென்னையில் படிப்பவருக்கோ முற்றிலும் புதிது. அதற்காகக் கதைக்கு நடுவில் வரலாற்றுப் பக்கம் ஒன்றை வைத்தால் பாட்டி காணாமல் போய்விடுவார். எந்த இடத்தில் தெரியாததால் கதை நின்றது என்று திருப்பிக் கேளுங்கள், அந்த இடத்துக்கு வேண்டியதை மட்டும் கொடுங்கள். முகாமில் நின்றபோது பாட்டி கையில் என்ன இருந்தது, யார் கூட வரவில்லை, இவை போதலாம். அப்புறம், வகுப்பில் பகிரும் முன் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர் வாழ்க்கை அது.

ஊட்டியிலிருந்து: மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாயே திறக்கக் கூடாது என்று இன்னொரு வகுப்பில் விதி. அவசியமா?

அமெரிக்காவில் 1936-ல் தொடங்கிய அயோவா எழுத்துப் பட்டறையோடு சேர்த்துப் பேசப்படும் பழக்கம் அது. அச்சில் வந்தபின் வாசகர் பக்கத்தில் உட்கார்ந்து நாம் விளக்க முடியாது, அந்த வகையில் நியாயம்தான். ஆனால் மற்றவர்களுக்குத் தெரியாத வாழ்க்கையை எழுதுபவரை அந்த மௌனம் நசுக்கிவிடுகிறது, அதனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. லிஸ் லெர்மன் என்ற நடனக் கலைஞர் 1990-ல் உருவாக்கிய முறையைத்தான் பின்பற்றுகிறேன். முதலில் மனதில் நின்றதைப் படித்தவர்கள் சொல்வார்கள், பிறகு எழுதியவர் தன் சந்தேகங்களைக் கேட்பார், பிறகு படித்தவர்கள் கேட்பார்கள், கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு. இதில் கஷ்டம் மூன்றாவது படி. "முடிவை ஏன் இப்படி அவசரமாக முடித்தீர்கள்?" என்பது கேள்வி வேஷத்தில் வரும் குற்றச்சாட்டு. "முடிவில் அவள் எதை முடிவு செய்கிறாள்?" என்று கேட்டால் எழுதியவருக்கு யோசிக்க இடம் கிடைக்கும்.

கொடைக்கானலிலிருந்து: முதல் பத்தியை வெட்டு என்கிறார் ஒருவர், அதுதான் கதைக்கு உயிர் என்கிறார் இன்னொருவர்.

இருவரும் ஒரே பத்தியில் கை வைத்திருக்கிறார்கள், அப்போது அங்கே ஏதோ இருக்கிறது. உடனே வெட்டாதீர்கள். ஒரு வாரம் கழித்து அதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். அதற்குள் வேறு யாருடைய கதைக்காவது நீங்கள் கருத்து எழுதுங்கள், அடுத்தவர் பத்தியில் எது தொங்குகிறது என்று தேடிப் பழகிய கண்ணுக்குத்தான் தன் பத்தி தெரியும்.

மஞ்சூரிலிருந்து: மழை நாளில் சிக்னலே இல்லை. வகுப்பில் பேச முடிவதில்லை.

நேரலைக்கு வரவே வேண்டாம். கதையை முந்தின நாளே இறக்கி வைத்துக்கொண்டு, கருத்தை எழுதியோ குரல் பதிவாகவோ சிக்னல் வந்ததும் அனுப்புங்கள். தாமதமாக வந்தாலும் எழுதியவருக்குக் கட்டாயம் சேர்த்துவிடுகிறேன்.