ஏழு வருடமா, பதினைந்து வருடமா: பேஸ்பால் குளிர்கால பேரம் பற்றிச் சில கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்து ஐந்து நாள் ஆனதும், ஒப்பந்தம் முடிந்த ஃப்ரீ ஏஜென்ட்கள் எந்த அணியோடும் கையெழுத்துப் போடலாம். அன்றிலிருந்து வசந்தப் பயிற்சி தொடங்கும் வரை ஆட்டமே கிடையாது, ஆனால் எனக்குக் கேள்விகள் வருவது இந்த மாதங்களில்தான். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஷோஹே ஒட்டானிக்கு 70 கோடி டாலர், ஹுவான் சோட்டோவுக்கு 76.5 கோடி டாலர். பத்து வருடத்தில் 70 கோடி என்றால் ஒட்டானிக்குத்தானே வருடக் கணக்கில் அதிகம்?

தலைப்புச் செய்தியில் வரும் தொகையை நம்பினால் அப்படித்தான் தோன்றும். 2023 டிசம்பரில் டாட்ஜர்ஸோடு ஒட்டானி போட்ட ஒப்பந்தத்தில், ஆடும் பத்து வருடமும் அவர் கைக்கு வருவது வருடத்துக்கு 20 லட்சம் டாலர் மட்டும். மீதி 68 கோடியும் 2034 முதல் 2043 வரை, வருடத்துக்கு 6.8 கோடியாக வரும். வட்டி கிடையாது. இன்று கையில் இருக்கும் நூறு ரூபாயும் பத்து வருடம் கழித்து வரும் நூறு ரூபாயும் ஒன்றல்ல என்பது சீட்டுப் போட்ட எல்லோருக்கும் தெரியும். லீக்கும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. சம்பளச் செலவு வரம்பை மீறும் அணி கட்டும் லக்சுரி டாக்ஸுக்காக அவர் ஒப்பந்தத்தை வருடத்துக்குச் சுமார் 4.6 கோடி என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

2024 டிசம்பரில் மெட்ஸ் சோட்டோவுக்குக் கொடுத்தது 15 வருடம், ஒரு டாலர்கூடத் தள்ளிவைக்கப்படவில்லை. கையெழுத்துக்கு மட்டும் 7.5 கோடி. சராசரி வருடத்துக்கு 5.1 கோடி. ஆக, வருடக் கணக்கிலும் சோட்டோதான் மேலே.

தொகையைத் தள்ளிவைப்பது புதுசும் இல்லை. பாபி பொனியா ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ம் தேதியும் மெட்ஸ் அவருக்குச் சுமார் 11.9 லட்சம் டாலர் கொடுத்தாக வேண்டும்.

கேள்வி: ஒரு வீரருக்குக் கொடுத்த தொகை நியாயமா என்று நாமே கணக்குப் போட முடியுமா?

தோராயமாக முடியும். 'வார்' என்ற எண்ணைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆளை விட இவர் அணிக்கு எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்ற மதிப்பீடு அது. ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் அப்படி ஒரு வெற்றிக்கு 80 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை போகிறது என்பது ஆய்வாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் விலை. முப்பதைத் தாண்டியவர் வருடத்துக்கு அரை வெற்றி குறைவார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 31 வயதில், நான்கு வெற்றி மதிப்புள்ள ஒருவருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்றால்: 4, மூன்றரை, 3, இரண்டரை, 2. கூட்டினால் 15. வெற்றிக்கு 80 லட்சம் என்றால் 12 கோடி டாலர். அவருக்கு 18 கோடி கொடுத்திருந்தால் அந்த அணி வேறு எதற்கோ விலை கொடுக்கிறது என்று அர்த்தம். ஒருவேளை அந்த ஒரு வீரரால் பிளேஆஃப் உறுதியாகும் நிலையில் இருக்கலாம். 75 வெற்றியில் இருக்கும் அணிக்கு இன்னும் மூன்று வெற்றி பெரிய விஷயமில்லை. 87ல் நிற்கும் அணிக்கு அதே மூன்று வெற்றி அக்டோபரில் ஆடுவதா, வீட்டில் உட்கார்ந்து டிவி பார்ப்பதா என்பதையே தீர்மானிக்கலாம்.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், கடந்த சீசனில் அவர் என்ன செய்தார் என்பதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை என்பது புரியும். அது பழைய அணிக்குக் கிடைத்தாயிற்று.

கேள்வி: அப்படியானால் முப்பது வயதுக்காரருக்குப் பதினொரு வருடம் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

ஒரு பகுதி ஆசை, ஒரு பகுதி வரிக் கணக்கு. லக்சுரி டாக்ஸ் பார்ப்பது வருடச் சராசரியை. 2022 டிசம்பரில் பாட்ரஸ் ஸாண்டர் போகார்ட்ஸுக்கு 11 வருடத்துக்கு 28 கோடி கொடுத்தது. சராசரி இரண்டரைக் கோடிச் சொச்சம். இதே தொகையை ஏழு வருடத்தில் அடைத்திருந்தால் வருடத்துக்கு 4 கோடி வந்து நின்றிருக்கும். 2025ல் வரம்பு 24.1 கோடி. அதற்கு மேல் போகும் அணிக்கு முதல் முறை 20 சதவீதம், தொடர்ந்து மீறினால் 30, 50 என்று ஏறும். மிக மேலே போனால் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலருக்கு மேலேயே வரி. ஆகவே கடைசி மூன்று நான்கு வருடங்களில் அவர் நன்றாக ஆடுவார் என்று அந்த அணியே எதிர்பார்க்கவில்லை. அந்த வருடங்கள் தவணையை நீட்டுவதற்காகச் சேர்த்தவை.

மோசமாகப் போனதற்கு உதாரணம் வேண்டுமென்றால் கிறிஸ் டேவிஸ். 2015ல் 47 ஹோம் ரன். அடுத்த ஜனவரியில் ஓரியோல்ஸ் ஏழு வருடம், 16.1 கோடி கொடுத்தது. 2018ல் அவர் பேட்டிங் சராசரி .168, அதாவது நூறு முறைக்குப் பதினேழு ஹிட்கூட இல்லை. அந்த வருடக் கடைசியிலிருந்து அடுத்த வருடத் தொடக்கம் வரை தொடர்ந்து 54 முறை ஹிட்டே இல்லை. 2021ல் ஓய்வு.

அதற்காக முப்பதைக் கண்டாலே ஓடவும் வேண்டாம். ஏரன் ஜட்ஜ் 2022 வசந்தத்தில் யாங்கீஸ் நீட்டிய ஏழு வருடம் 21.35 கோடியை வேண்டாம் என்றார், அந்த சீசனில் 62 ஹோம் ரன் அடித்தார், ஒன்பது வருடம் 36 கோடிக்குக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் 2024, 2025 இரண்டிலும் லீக்கின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது. என் அரை வெற்றிக் கணக்கு அவரிடம் செல்லுபடியாகவில்லை.

கேள்வி: சிறந்த பிட்ச்சருக்கான (பந்து வீசுபவர்) சை யங் விருது வாங்கிய பிளேக் ஸ்னெல்லை 2024 மார்ச் வரை யாரும் ஏன் எடுக்கவில்லை?

2023ல் அவர் இ.ஆர்.ஏ., அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கணக்கில் விழும் ரன், 2.25. பார்க்க அருமை. அதே சீசனில் அவர் கொடுத்த வாக் (நான்கு தவறான பந்து போட்டு ஆளைச் சும்மா பேஸுக்கு அனுப்புவது) 99, இரண்டு லீக்கிலும் அதுதான் அதிகம். ஆட்களை பேஸில் ஏற்றிவிட்டுப் பிறகு ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்துத் தப்பித்துக்கொண்டே இருந்தார். அடுத்த வருடமும் அப்படியே தப்பிப்பார் என்று ஏழு வருடத்துக்குப் பந்தயம் கட்ட அணிகளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஜயன்ட்ஸ் இரண்டு வருடம் 6.2 கோடிக்கு எடுத்தது, முதல் வருடம் முடிந்ததும் விலகிக்கொள்ளும் உரிமையோடு. தொடக்கம் படுமோசம். ஆகஸ்ட் 2ம் தேதி ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர் ஆட்டம். அந்த நவம்பரில் டாட்ஜர்ஸ் ஐந்து வருடம் 18.2 கோடி.

பிட்ச்சரை மதிப்பிட ஸ்ட்ரைக்அவுட், வாக், பந்தின் வேகம் மூன்றையும் முதலில் பாருங்கள். இவை வருடத்துக்கு வருடம் கூடவே வருபவை. வெற்றி தோல்விக் கணக்கு அப்படிக் கூடவே வராது, இ.ஆர்.ஏ. பாதி வழி வரும். பேட்டரிடம் பந்து எவ்வளவு வேகமாக மட்டையிலிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். கோடி பெலிஞ்சர் 2023ல் .307 அடித்தும் பெரிய ஒப்பந்தம் கிடைக்காமல் கப்ஸோடு மூன்று வருடம் 8 கோடிக்கு ஒத்துக்கொண்டார். ஹிட் நிறைய இருந்தது, அடியில் பலம் குறைவாக இருந்தது.

கேள்வி: ஒரு டிரேடில் யார் ஜெயித்தார்கள் என்று எப்போது சொல்லலாம்?

எல்லோரும் ஐந்து வருடம் பொறு என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. முடிவு தெரிய ஐந்து வருடம் ஆகும், சரி. ஆனால் முடிவெடுத்தது சரியா என்பதை அன்றைக்கே பெருமளவு சொல்லிவிடலாம். இரண்டையும் குழப்பக்கூடாது.

2023 டிசம்பர் கடைசியில் போஸ்டன் ரெட் சாக்ஸ் பிட்ச்சர் கிறிஸ் சேலை பிரேவ்ஸுக்கு அனுப்பி வான் கிரிஸமை வாங்கியது, கூடவே 1.7 கோடி டாலரும் கொடுத்தது. சேலுக்கு 34 வயது. 2020 முழுக்க முழங்கை அறுவைச் சிகிச்சையில் போனது. 2022ல் இரண்டே ஆட்டம், அதில் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டது வேறு. நானும் அன்று போஸ்டன் பக்கம்தான் நியாயம் என்று நினைத்தேன். அடுத்த சீசனில் சேல் 18 வெற்றி, 3 தோல்வி, இ.ஆர்.ஏ. 2.38, சை யங் விருது. கிரிஸம் 31 ஆட்டம், .190. முடிவு போஸ்டனுக்குப் பேரிடி. எடுத்த முடிவு அவ்வளவு மடத்தனமானதா? இன்றும் இல்லை என்றே சொல்வேன்.

அதே ரெட் சாக்ஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பிய மூக்கி பெட்ஸ் விஷயம் வேறு. 2020 பிப்ரவரியில் அவருக்கு 27 வயது, ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஒரே வருடம் பாக்கி. நீண்ட ஒப்பந்தம் படியவில்லையென்றால் விற்கத்தான் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவரோடு டேவிட் பிரைஸையும் சேர்த்துக் கட்டி, பிரைஸின் மீதிச் சம்பளத்தில் பாதியை டாட்ஜர்ஸ் தலையில் ஏற்றினார்கள். அந்தச் சுமையை இறக்கியதற்கான விலை பெட்ஸுக்குப் பதிலாக வந்த ஆட்களின் தரத்தில் கழிந்தது. வந்தவர்கள் வெர்டுகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். இது அன்றைக்கே தெரிந்த தவறு.

சோட்டோ 2022ல் தன் அன்றைய அணியான வாஷிங்டனின் 44 கோடியை மறுத்தபோது அவர்மேல் அணிக்கு இன்னும் இரண்டரை வருட உரிமை இருந்தது. அதனால்தான் அவரை பாட்ரஸுக்கு டிரேட் செய்தபோது சி.ஜே. ஏப்ரம்ஸ், மக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் என்று ஒரு படையே கிடைத்தது. டிரேடைப் படிக்கும்போது பெயருக்கு முன்னால் இந்த மீதி வருடங்களைத் தேடுங்கள்.

கேள்வி: ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஆறு வருட சர்வீஸ் வேண்டும் என்கிறார்கள். நாட்காட்டி வருடமா?

இல்லை. சீசனில் 172 நாள் அணியில் இருந்தால் ஒரு வருடம். 2015ல் கப்ஸ் கிறிஸ் பிரையன்ட்டைச் சில நாள் தாமதமாக அழைத்தது. அந்த வருடம் அவருக்குச் சேர்ந்தது 171 நாள். ஃப்ரீ ஏஜென்சி ஒரு முழு வருடம் தள்ளிப் போனது. முறையிட்டுப் பார்த்தார், 2020ல் தோற்றார்.

கேள்வி: குவாலிஃபையிங் ஆஃபரை ஏற்பவர் ஏமாளியா?

ஃப்ரீ ஏஜென்ட் ஆகும் தன் வீரருக்குப் பழைய அணி நீட்டும் ஒரு வருட ஒப்பந்தம் அது. 2025-26 குளிர்காலத்தில் அதன் தொகை 2.2025 கோடி டாலர். ஏமாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. மறுத்துவிட்டு வேறு அணிக்குப் போனால் அந்த அணி டிராஃப்ட் பிக்கை (புது இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை) இழக்கும், அதனால் நடுத்தர வீரர்களின் விலை சந்தையில் அடிவாங்கும். இந்த முறை இமனாகா, வுட்ரஃப், டோரஸ், கிரிஷம் நால்வரும் வாங்கிக்கொண்டார்கள். கொர்பின் பர்ன்ஸ் மாதிரி 21 கோடிக்குப் போகிறவர்தான் கண்ணை மூடிக்கொண்டு மறுக்கலாம்.

கேள்வி: "மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டு" என்று போடுகிறார்களே, அது சும்மா சம்பிரதாயம்தானா?

கார்லோஸ் கொரியாவைக் கேளுங்கள். 2022 டிசம்பரில் ஜயன்ட்ஸோடு 13 வருடம் 35 கோடி. 2014ல் உடைந்த வலது காலைப் பரிசோதனையில் பார்த்துவிட்டு அவர்கள் தயங்கினார்கள். உடனே மெட்ஸ், 12 வருடம் 31.5 கோடி. அவர்களும் அதே காலைப் பார்த்தார்கள். கடைசியில் ஜனவரியில் தன் பழைய அணியான மினசோட்டாவோடு ஆறு வருடம் 20 கோடி.

கேள்வி: "பெயர் பின்னர் அறிவிக்கப்படும் வீரர்" என்று டிரேடில் வருபவர் எப்போதும் உதிரிதானே?

பெரும்பாலும். ஆனால் 1996ல் மரைனர்ஸ் மினசோட்டாவுக்கு அப்படிப் பின்னர் பெயர் சொல்லி அனுப்பிய பையன்தான் டேவிட் ஓர்டிஸ். இன்னொரு பக்கம், 1962ல் ஹேரி சிட்டி என்ற கேட்ச்சரை கிளீவ்லாந்திலிருந்து மெட்ஸ் இதே முறையில் வாங்கியது. சில வாரம் கழித்துப் பதிலுக்கு ஒரு வீரரை அனுப்ப வேண்டி வந்தபோது சிட்டியையே திருப்பி அனுப்பிவிட்டது. அந்த டிரேடில் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் கேட்டு எழுதிவிடாதீர்கள்.